தட்டான் வாலில் நூல்: ஆசிரியர்களுக்கான விலங்கு நேயப் பயிற்சி பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டிப் பறக்கவிடாத பையன்கள் நம் ஊர்ப்பக்கம் குறைவு. ஓணானைக் கண்டால் கல் எடுப்பதும் அப்படித்தான். இதை வகுப்பில் பேசலாம் என்று ஓர் ஆசிரியர் கிளம்பினால், "இதெல்லாம் சிலபஸ்ல இருக்கா?" என்ற கேள்விதான் முதலில் வரும். சிலபஸில் இருக்கிறதோ இல்லையோ, சட்டத்தில் இருக்கிறது.

1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, மனிதர் தவிர்த்த எந்த உயிரும் 'விலங்கு'தான். ஆக, தட்டானும் அதில் சேர்த்தி. அதே சட்டத்தின் 9(கே) பிரிவு, உயிர்களைப் பரிவோடு நடத்தக் கற்றுக்கொடுப்பதை விலங்குகள் நல வாரியத்தின் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. சொற்பொழிவு, புத்தகம், சுவரொட்டி, திரைப்படம் என்று வழிகளையும் சொல்கிறது. 1962-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கிய இந்த வாரியம் பல காலம் சென்னையில்தான் இருந்தது. 2018-இல் ஹரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது.

தண்டனைப் பக்கம் பார்த்தால் சட்டம் பரிதாபமானது. முதல்முறை வதைத்தவருக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம், அவ்வளவுதான். ஒரு டீ, வடைக் காசு. அதனால்தான் கற்பிக்கச் சொல்லும் பிரிவுக்கு எடை அதிகம் என்பேன். 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், 9(கே) படி கல்வி அளிக்க நடவடிக்கை எடுக்குமாறு வாரியத்துக்கு உத்தரவிட்டது. ஜல்லிக்கட்டு பின்னால் சட்டத்திருத்தத்தோடு திரும்பி வந்தது வேறு கதை. உயிர்களிடம் பரிவு காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ(ஜி) பிரிவும் சொல்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 9(கே) பிரிவு கடமையை வாரியத்தின் மேல்தான் வைக்கிறது. விலங்கு நேயப் பயிற்சிக்குப் போகாத ஆசிரியருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை கிடையாது. ஆகவே பள்ளிதான் முன்வர வேண்டும். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பணித்திறன் பயிற்சி என்கிறது. அதை ஏற்றுள்ள பள்ளிகள் இரண்டு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். தமிழ்நாட்டில் அந்தக் கொள்கையை அரசு ஏற்கவில்லை என்றாலும், அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் இதைப் பேச யாரும் தடுக்கப்போவதில்லை. பேச ஆள் தேடி அலைய வேண்டாம், உள்ளூர்க் கால்நடை மருத்துவரே போதும்.

வாரியம் ஜனவரி 14 முதல் 31 வரை விலங்குகள் நல இருவாரம் கடைப்பிடிக்கச் சொல்கிறது. நமக்கு அதில் முதல் சில நாள் பொங்கல் விடுமுறையில் போய்விடும். மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடித்த பிள்ளைகள் பள்ளி திறந்ததும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பேச்சை ஆரம்பிக்க அதைவிட நல்ல நாள் ஏது?

பயிற்சியில் கட்டாயம் இருக்க வேண்டியது நாய்ப் பாடம். குட்டி போட்ட நாயின் பக்கம் போகக் கூடாது, தின்னும் நாயைச் சீண்டக் கூடாது, துரத்தினால் ஓடக் கூடாது. கடித்துவிட்டால் அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ அப்பாமல், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட வேண்டும்.