கட்டுப் போட்ட பிறகு ஒரு கேள்வி

காலில் ஆணி ஏறிய புண்ணோடு ஒரு பெரியவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். புயல் காற்றில் பறந்துபோன கூரைத் தகரத்தைத் தேடிப் பொறுக்கும்போது மிதித்திருக்கிறார். மூன்றாம் ஆண்டு செவிலியர் மாணவி ஒருத்தி புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, நேர்த்தியாகக் கட்டுப் போட்டாள். டெட்டனஸ் தடுப்பு ஊசிக்கும் சொல்லியாயிற்று. அவர் எழுந்திருக்கும்போது, "தாத்தா, தினமும் மாத்திரை ஏதாவது சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள்.

"சக்கரைக்குச் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன் பாப்பா. அதெல்லாம் கூரையோட போயிடுச்சே."

எட்டு நாளாக மாத்திரை இல்லை. விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. அதைக் கேட்காமல் அனுப்பியிருந்தால், எத்தனை முறை கட்டு மாற்றினாலும் அந்தப் புண் ஆறுவது கடினம்.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. அடுத்த வாரம் செவிலியர் மாணவிகளோடு வேதாரண்யம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தேன். பஞ்சு, கட்டுத்துணி, ஓஆர்எஸ் என்று பெட்டி பெட்டியாக எடுத்துப் போனோம். பெரிய அடி பட்டவர்கள் அதற்குள் மருத்துவமனைக்குப் போய்விட்டிருந்தார்கள். எங்கள் முன்னால் வரிசையில் நின்றவர்களில் பலருக்கும் தேவைப்பட்டது, நின்றுபோன பழைய மருந்து. பிரஷர் மாத்திரை விட்டுப்போனவர்கள், பாதியில் நின்ற காசநோய் சிகிச்சை, வலிப்பு மாத்திரை தீர்ந்துபோன ஒரு பையன். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வரலாம், அது உயிருக்கே ஆபத்து. அவனை அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம்.

மின்கம்பங்கள் சாய்ந்து கரண்ட் இல்லாத ஊரில் இன்சுலின் தனிப் பிரச்சினை. ஃப்ரிட்ஜ் ஓடவில்லை, மருந்து கெட்டிருக்கும் என்று ஒரு அம்மா ஊசியையே நிறுத்திவிட்டார். பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலினை, வெயிலும் அதிகச் சூடும் படாமல் பார்த்துக்கொண்டால், பொதுவாக ஏறக்குறைய நான்கு வாரம் வெளியில் வைத்துக்கொள்ளலாம். திறக்காத குப்பியைத் தண்ணீர் புகாத பையில் போட்டு, ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் நிழலில் வைத்தால் ஓரளவு குளிர்ச்சி கிடைக்கும். இதை வீடு வீடாகச் சொல்ல மாணவிகளால் முடிந்தது.

மாணவிகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரைப் பார்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். எந்தத் தெருவில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி என்பது அவருக்குத்தான் தெரியும். எங்களுக்கு முன்னால் வேனில் வந்துபோன ஒரு குழு, பெயர்கூட இல்லாத காகிதப் பொட்டலங்களில் மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருந்தது. எது எதற்கு என்று தெரியாமல் ஒரு பாட்டி எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். எனக்கு இன்றும் அது ஆறாத கோபம். டாக்டர் எழுதாத மாத்திரையை மாணவிகள் கையால் கொடுக்கவே கூடாது.

மனக்காயம் பற்றி வகுப்பில் நிறையப் பேசுகிறோம். களத்தில் அது வேறு மாதிரி இருக்கும். "அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று யாரையும் தோண்டாதீர்கள். உடனடித் தேவை என்ன என்று பாருங்கள், அவராகப் பேசினால் கேளுங்கள், உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடுங்கள். தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்துபோன ஒரு அக்கா யாரிடமும் பேசாமல் இருந்தார். புதிதாகக் கன்று வைத்தால் காய்க்கப் பல வருடம் ஆகும், அவரிடம் என்ன சொல்ல முடியும்? ஒரு மாணவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து முகாம் சமையலுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அந்த அக்காவே பேச ஆரம்பித்தார். அன்றிரவு பஸ்ஸில் அந்த மாணவி அழுதாள். திரும்பி வந்ததும் மாணவிகளுக்கும் பேச நேரம் ஒதுக்க வேண்டும், மறுநாளே வார்டு டூட்டி போடக்கூடாது.

அப்புறம் ரேஷன் கார்டு விஷயம். வீட்டை விட்டு ஓடும்போது பலரும் ரேஷன் கார்டைக் கையில் எடுத்திருந்தார்கள். மருந்துச் சீட்டை எடுத்தவர்கள் மிகக் குறைவு. "வெள்ளையா, பெரிசா இருக்கும்" என்று சொன்னால் எந்த மாத்திரை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் மாணவிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னச் சீட்டு எழுதினார்கள்: பெயர், நோய், மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த மருத்துவமனை. அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு சேர்த்து வைக்கச் சொன்னோம்.

2021-இல் வீடு தேடி மருந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு, சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களின் விவரம் ஊரிலேயே திரட்டப்படுகிறது. அதையும் வைத்துக்கொண்டு இந்தச் சீட்டை மழைக்கு முன்பே எழுதிவிடலாம். சமுதாய நலச் செவிலியப் பயிற்சிக்கு எப்படியும் கிராமங்களுக்குப் போகிறோம். கடலோரக் கிராமங்களுக்கான வாரத்தைச் செப்டம்பரிலேயே வைத்துவிட்டால், ஐப்பசி பிறப்பதற்குள் சீட்டு கார்டோடு சேர்ந்திருக்கும்.