“காரம் தாங்கலை டாக்டர்”

காரைக்குடியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்த ஒருவர் “காரம் தாங்கலை” என்றால், வீட்டில் எல்லாரும் சமைத்தவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சொன்னவரின் வாயைப் பார்ப்பேன். பல் டாக்டராக இருபது வருடம் இந்த ஊரில் உட்கார்ந்ததில் வந்த பழக்கம். போன மாதம் வரை மிளகாய்த் துவையலை வழித்து நக்கியவர் இன்று ரசத்துக்கே கண் கலங்குகிறார் என்றால், குறை ரசத்தில் இல்லை.

அப்படித்தான் ஓர் ஆச்சி வந்தார். (அடையாளம் தெரியக்கூடாது என்று இங்கே சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஐம்பது வருடமாக வெற்றிலை போடுகிறவர், கூடக் கொஞ்சம் போயிலை. இடது கன்னத்துக்குள் ஒரு புண். பக்கத்தில் உடைந்த கடைவாய்ப்பல் ஒன்று கூராக நின்றது. பல் குத்தித்தான் புண் என்று நினைத்து, கூரைத் தேய்த்துவிட்டு, “ரெண்டு வாரம் கழிச்சு வாங்க ஆச்சி” என்று அனுப்பினேன். அவர் வரவில்லை. நானும் போன் போட்டுக் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து வந்தபோது புண் பெருத்து, தாடைக்குக் கீழே நெறிகட்டியிருந்தது. இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணில் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. இப்போது அப்படி அனுப்புகிறவர்களின் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வைத்து, பதினைந்தாம் நாள் நானே கூப்பிடுகிறேன்.

“வெத்தலை மூலிகைதானே தம்பி” என்றார் ஆச்சி. வெற்றிலையோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்குள் மடிக்கிற பாக்கோடும் போயிலையோடும்தான். போயிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதியிலேயே சொல்லிவிட்டது. ஆனால் கல்யாண வீட்டு வாசலில் தட்டத்தை நீட்டுகிறவரிடம் இதைச் சொல்ல எனக்கே இன்னும் நாக்கு எழுவதில்லை.

எங்கள் பக்கம் புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “அடையாறு போகணுமாம்” என்றால் விஷயம் விளங்கிவிடும். 1954-இல் அடையாறு மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர் என்று அந்தக் குடும்பத்துக்குச் சொன்னேன். ஏனோ அதில் அவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கடைசியில் வைத்தியம் மதுரையில். முதலில் ஆபரேஷன், பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. அதை இங்கே எல்லாரும் “கரண்டு வைக்கிறது” என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

கரண்டு வைப்பதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கரண்டு பட்ட தாடை எலும்பில், அதிலும் கீழ்த்தாடையில், ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அதற்குப் பிறகு பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். ஒரு வருடம், இரண்டு வருடம் போனால் சரியாகும் என்பதில்லை. ஆயுசுக்கும் அந்த ஆபத்து உண்டு. காப்பாற்ற முடியாத பற்களை முன்னாலேயே எடுத்து, புண் ஆற இரண்டு வாரமாவது விட்டு, பிறகு தொடங்குவதே முறை. வைத்தியம் முடிந்து இரண்டாம் வருடம், கரண்டு வைத்ததைச் சொல்லாமல் வேறொரு இடத்தில் பல் பிடுங்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். அங்கே கேட்கவும் இல்லை. ஈறுக்கு வெளியே எலும்பு மாதக்கணக்கில் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நின்றது.

மெஷினில் முகம் அசையக்கூடாது என்று ஒரு முகமூடி செய்வார்கள். வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் வலை அது. இளகிய சூட்டோடு முகத்தில் படிய வைத்தால் சில நிமிடத்தில் அச்சாக இறுகிவிடும். முதல் நாள் மூச்சு முட்டுவதாகப் பலருக்குத் தோன்றும். மெஷின் ஓடும் நேரம் சில நிமிடங்கள்தான். சாப்பிடாமல் உடம்பு மெலிந்தால் முகமூடி லொடலொடவென்று ஆகி, திரும்ப அளவெடுக்க வேண்டி வரும். வைத்தியத்தின் நடுவில் எடை குறையாமல் பார்ப்பது அதனாலும்தான்.

முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. “இவ்வளவுதானா” என்பார்கள். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாயெல்லாம் தோல் உரிந்து, எச்சில் விழுங்குவதே தண்டனையாகிவிடும். ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, இரண்டு மூன்று மணிக்கொரு தரம் கொப்பளிக்க வேண்டும். வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட்டுக்கொள்ளலாம். ஆச்சியின் மருமகள் கும்மாயத்தை (எங்கள் பக்கத்து உளுந்து மாவு இனிப்பு) பாலும் நெய்யும் விட்டுக் கூழாகக் கரைத்துக் கொடுத்தார். எந்த டின் பவுடருக்கும் அது குறைந்ததில்லை. (சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். யாராயிருந்தாலும் சாப்பிட்டதும் வாய் கொப்பளியுங்கள்.) சிலருக்கு மூக்கு வழியாகக் குழாய் போடுவார்கள். அது தோல்வி இல்லை. குழாய் இருந்தாலும், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, தினமும் கொஞ்சம் தண்ணீராவது விழுங்கிப் பழக வேண்டும். தொண்டைத் தசை வேலை இல்லாமல் கிடந்தால் மறந்துவிடும்.

இது தொற்றுவியாதி இல்லை. தம்ளரைத் தனியாக வைக்காதீர்கள். பார்க்க வருகிறவர்கள் “வாயைத் திறங்க பாப்போம்” என்று கேட்காதீர்கள். அதற்கு நான் இருக்கிறேன்.

கல்யாணச் சமையல் மாஸ்டர் ஒருவருக்குத் தொண்டையில் வந்தது. முப்பத்தைந்து நாள் கரண்டு, வாரம் ஒரு கீமோ. முடித்து நாலு மாதம் கழித்து வந்தவர், “பால்பணியாரமும் மண்ணு, பச்சைத்தண்ணியும் மண்ணு டாக்டர்” என்றார். உப்புப் பார்க்க மகனைக் கூப்பிடுகிறாராம். அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் ஆவி வாசனையிலேயே குழம்பின் பதம் சொன்னவர். மூக்கு அப்படியே இருந்தது, நாக்குதான் இல்லை. ருசி பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும், சிலருக்கு முழுசாகத் திரும்பாது. அவருக்கு இனிப்பு வந்துவிட்டது. உப்பு இன்னும் சந்தேகம்தான். எச்சில் மட்டும் வற்றியது வற்றியதுதான். தண்ணீர் பாட்டிலைக் கையைவிட்டு இறக்குவதில்லை. எச்சில் இல்லாத வாயில் ஒரே வருடத்தில் பல்லெல்லாம் ஈறோரமாக அரித்து ஒடியும் என்பதால், தினமும் ராத்திரி ஃபுளோரைடு ஜெல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மறப்பதே இல்லை, கைப்பதம் உள்ள மனிதர்.

ஆச்சிக்கு வேறு தொல்லை. தாடை இறுகிக்கொண்டே வந்தது. நம் கையின் மூன்று விரலை நெடுக்காக அடுக்கினால் வாய்க்குள் போக வேண்டும். அவருக்கு இரண்டு விரலே சிரமம். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, தாங்கும் மட்டும் நிறுத்தி, நாளாக ஆக ஒவ்வொரு குச்சியாகக் கூட்டச் சொன்னேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. பதினொரு குச்சியில் தொடங்கினார். வளவில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, பேத்தியை எண்ணச் சொல்வாராம்.

கார்த்திகை தாண்டியதும் போன் செய்தார். “தம்பி, பிள்ளையார் நோன்புக்குள்ள வாய் திறந்துருமா? இழை எடுத்துக்கணும்.” இனிப்பு மாவில் திரி வைத்து, ஏற்றி, நெருப்போடு வாயில் போட்டுக்கொள்ளும் வழக்கம் அது. கரண்டு பட்ட வாயில் நெருப்பா என்று எனக்குப் பதறியது. “அணைச்சுட்டு, சின்னதா எடுத்துக்கங்க ஆச்சி” என்றேன்.

“அணைச்சா அது இழையா?”

நோன்பு முடிந்த அடுத்த வாரம் மருமகளோடு வந்தார். அணைத்துத்தான் எடுத்துக்கொண்டாராம், மருமகள் சாட்சி. குச்சிக் கட்டை மேசையில் வைத்தார். பதினாறு. ரப்பர் பேண்டு மட்டும் இற்றுப்போயிருந்தது. என் மேசையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.