ஓடாமலே தேயும் வண்டி

பழைய மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி, வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது, அது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை. பத்து வயது வண்டி, 25,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றால் முகம் மலர்ந்துவிடும். எனக்கு அந்த எண்ணைப் பார்த்தால் கவலைதான் வரும். அப்படியானால் பத்து ஆண்டில் பெரும்பகுதியை அது எங்கோ நின்றே கழித்திருக்கிறது.

வீடு நிற்பதற்காகக் கட்டப்படுவது, வண்டி ஓடுவதற்காகச் செய்யப்படுவது. இரண்டையும் ஒரே சேஸியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பூட்டிவிட்டால், நிற்கும்போது வண்டி கெடுகிறது, ஓடும்போது வீடு கெடுகிறது. சொகுசு மோட்டார்ஹோமில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில் போய் முடியும்.

இந்த ஆசை ஒன்றும் புதிதல்ல. 1910-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் பியர்ஸ்-ஏரோ நிறுவனம் 'டூரிங் லாண்டோ' என்ற காரைக் காட்சிக்கு வைத்தது. பின் இருக்கையை மடித்தால் படுக்கையாகும். ஓட்டுநரிடம் பேசத் தொலைபேசிகூட இருந்தது. இன்றைய பெரிய வண்டிகள் 45 அடி நீளம், எடை 20 டன்னைத் தாண்டும். டீசல் எஞ்சின் பின்னால் இருக்கும். பொத்தானை அழுத்தினால் சுவரே வெளியே நகர்ந்து அறை அகலமாகும். ஜெர்மனியின் வோல்க்னர் வண்டிகளில் தரைக்கு அடியில் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நிறுத்தவே இடம் உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய வண்டியும் கடைசியில் நிற்பது ரப்பர் மேல்தான். அங்கிருந்தே தொடங்கலாம்.

டயரின் பக்கவாட்டுச் சுவரைக் குனிந்து பாருங்கள். நீண்ட எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பல டயர்களில் இந்த முழு எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். இரட்டைச் சக்கரம் என்றால் அது உள்பக்கமாகத் திரும்பியிருக்கலாம். டார்ச்சோடு அடியில் போய்த்தான் படிக்க வேண்டும். அந்தச் சிரமத்தைப் பார்க்காதீர்கள். லாரி டயர் ஓடித் தேய்ந்து சாகும், மோட்டார்ஹோம் டயர் வயதாகிச் சாகும். தடம் முழுசாக இருக்கும், ரப்பர் உள்ளே செத்திருக்கும்.

ரப்பரைக் கொல்வதில் முக்கியமான எதிரி, காற்றில் எப்போதும் கொஞ்சம் இருக்கும் ஓசோன். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளில் ஆங்காங்கே கார்பன் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஓசோன் நேராக அங்கே போய் வெட்டும். இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் வெட்டு விரியும். அதனால்தான் வளைந்து நிற்கும் பக்கச் சுவரில் முதலில் விரிசல் தெரிகிறது. டயர் செய்கிறவர்களுக்கு இது தெரியும். ரப்பரோடு மெழுகையும், ஓசோனைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் வேதிப்பொருளையும் கலந்துவிடுகிறார்கள். டயர் உருளும்போது சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த அசைவில் மெழுகு உள்ளிருந்து மெல்ல மேலே வந்து ஒரு மெல்லிய தோல்போலப் படிகிறது. ஓடுகிற டயர் தனக்குத்தானே மருந்து பூசிக்கொள்கிறது என்று சொல்லலாம். நிற்கிற டயருக்கு அந்த மருந்து சரியாக வந்து சேருவதில்லை. பளபளப்புக்காகப் பெட்ரோலியக் கலவை உள்ள பாலிஷ் போட்டால் இருக்கிற மெழுகும் கரைந்து போகும். தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். வெயில் படாமல் உறை மாட்டுவது இன்னும் நல்லது.

ஐந்து வயது ஆன டயரை ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டுவது, பத்து வயது ஆனதை எப்படி இருந்தாலும் கழற்றிவிடுவது, இதுதான் டயர் தொழிலில் பரவலாகச் சொல்லும் கணக்கு. முன் சக்கர டயர் வெடித்தால் 20 டன் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று யோசித்துப் பார்த்தால், பலர் ஏழு வயதிலேயே மாற்றிவிடுவது ஏன் என்று புரியும். இன்னொன்று, காற்றழுத்தத்தை ஊகத்தில் வைக்கக் கூடாது. சமையலறை ஒரு பக்கம், தண்ணீர்த் தொட்டி இன்னொரு பக்கம் என்று வீட்டுக்குள் எடை சமமாக இருக்காது. முழுச் சாமானோடு ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட்டு, டயர் நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்து அழுத்தம் வைக்க வேண்டும். காற்று குறைந்த டயர் அதிகமாக மடங்கும், மடங்க மடங்கச் சூடேறும், சூடுதான் கடைசியில் வெடிக்க வைக்கும்.

டயருக்கு அடுத்தது பிரேக். பெரிய மோட்டார்ஹோமில் பிரேக்கும், குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனும் காற்றில் இயங்குகின்றன. காற்றுப் போனால் பிரேக் போய்விடுமே என்ற பயம் இயல்பானது. நடப்பது நேர் எதிர். பின் சக்கரங்களில் பலமான ஸ்பிரிங் ஒன்று பிரேக்கை எப்போதும் அழுத்திப் பிடிக்கப் பார்க்கிறது. காற்றழுத்தம்தான் அதைத் தள்ளி விலக்கி வைத்திருக்கிறது. அழுத்தம் போனால் ஸ்பிரிங் வென்றுவிடும், வண்டி நின்றுவிடும். அழுத்தம் குறைந்தால் பிரேக் தானே விழ வேண்டும் என்ற இந்த யோசனை ரயிலிலிருந்து வந்தது. 1872-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் செய்த தானியங்கி பிரேக்கில், பெட்டி கழன்று குழாய் அறுந்தால் பிரேக் தானாக விழும். (மோட்டார்ஹோமின் ஸ்பிரிங் இருக்கும் அந்த உருளையை வீட்டில் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். அடங்கிக் கிடக்கும் விசை ஆளைக் கொல்லும்.)

இங்கே தொல்லை தண்ணீர்தான். காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் துளியாகிவிடும். அது காற்றுத் தொட்டியில் தங்கினால் துரு, குளிரில் பனிக்கட்டி, வால்வில் அடைப்பு. எனவே காற்றை அழுத்தும் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரம்பிய உலர்த்தி இருக்கிறது. தொட்டி நிரம்பியதும் அது 'புஸ்ஸ்' என்று காற்றை வெளியே விட்டு, சேர்ந்த ஈரத்தையும் தள்ளிவிடும். அந்த மணிகளுக்கும் ஆயுள் உண்டு, காலத்தில் மாற்ற வேண்டும்.

டீசல் தொட்டியிலும் அதே தண்ணீர்க் கதை. பகல் சூடு, இரவுக் குளிர். அரைத் தொட்டியாக விட்டால் மேலே இருக்கும் காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து, டீசலுக்கு அடியில் போய் நிற்கும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவிலுள்ள கோட்டில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறும். குடிக்கத் தண்ணீர் கீழே, தின்ன டீசல் மேலே. பல மாதம் கழித்து எஞ்சினைக் கிளப்பும்போது அந்தக் கொழகொழப்பு மொத்தமும் ஃபில்டரில் வந்து உட்காரும். நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் தொட்டியை நிரப்பி நிறுத்துங்கள். வியர்க்க இடமே இருக்காது.

ஜெனரேட்டரை வாரம் ஐந்து நிமிடம் ஓட்டி அணைப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பலன் இல்லை. சுமை இல்லாமல் ஓடும் டீசல் ஜெனரேட்டர் தேவையான சூட்டுக்கே வராது. எரியாத எரிபொருள் பிசுபிசுப்பாகப் புகைக்குழாயில் படியும். உள்ளிருக்கும் மின்கம்பிச் சுருள்களில் ஏறிய ஈரமும் அப்படியே இருக்கும். மாதம் ஒருமுறை, ஏசியைப் போட்டு, பாதிச் சுமையாவது கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டினால்தான் உடம்பு முழுக்கச் சூடேறும்.

அப்புறம் பேட்டரி. 1859-இல் காஸ்டன் பிளான்டே செய்த ஈய அமில பேட்டரிதான் இன்றும் பல வண்டிகளில் இருக்கிறது. அது மின்சாரம் தரும்போது தகடுகளில் ஈய சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் செய்தால் அது திரும்பக் கரையும். வாரக்கணக்கில் விட்டால் படிகம் பெரிதாகி இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் கரையாது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன் என்று நினைத்தாலும் எரிவாயு எச்சரிக்கைக் கருவி, கடிகாரம், கட்டுப்பாட்டுப் பலகை என்று ஏதோ ஒன்று குடித்துக்கொண்டே இருக்கும். வெறும் 1 ஆம்பியர் என்றே வையுங்கள். நாளுக்கு 24 ஆம்பியர்-மணி. 400 ஆம்பியர்-மணி பேட்டரி வரிசை எட்டே நாளில் பாதி காலி. முழுச் சார்ஜில் 12.7 வோல்ட் காட்டும் பேட்டரி 12.1 அளவுக்கு வந்துவிட்டால் பாதி தீர்ந்தது என்று பொருள். முழுதாகத் துண்டிக்கும் சுவிட்சு அதற்காகத்தான் இருக்கிறது.

இப்போது வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் குணம் வேறு. அதை நிரப்பி வைப்பதைவிடப் பாதிச் சார்ஜில் விடுவதுதான் நல்லது. ஆனால் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. அந்தக் குளிரில் லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல், வெளியே உலோகமாகப் படிந்துவிடும்; அந்த இழப்பில் பெரும்பங்கு திரும்பாது. பழைய வண்டியில் இதை மாற்றிப் பொருத்துகிறவர்கள் மறந்துபோகும் ஒரு விஷயம்: லித்தியத்தின் உள் தடை மிகக் குறைவு. எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் கொடுப்பதையெல்லாம் உறிஞ்சி அதைக் கருக்கிவிடும். நடுவில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜர் ஒன்று வேண்டும்.

சரி, வண்டி நின்று கெடுவது இவ்வளவு. வீடு ஓடிக் கெடுவதைப் பார்க்க ஏணியில் ஏற வேண்டும்.

கூரையில் ஏசி, காற்றுப்போக்கி, ஆன்டெனா, சோலார் தகடு என்று ஒவ்வொன்றுக்கும் ஓட்டை போட்டு, சுற்றிலும் தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீலன்ட் தடவியிருப்பார்கள். சாலையில் ஒவ்வொரு குலுக்கலும் அந்த வீட்டுக்குச் சிறு நிலநடுக்கம். வெயிலும் சும்மா இருப்பதில்லை. 12 மீட்டர் நீள அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் சுமார் 11 மில்லிமீட்டர் நீளும். அதே நீள எஃகுச் சட்டம் சுமார் 6 மில்லிமீட்டர்தான். அந்த 5 மில்லிமீட்டர் வித்தியாசத்தை இழுத்துப் பிடித்துத் தாங்குவது மூட்டுகளும் சீலன்ட்டும்தான். புதிதில் அது மெழுகுபோல வளையும். சில ஆண்டில் ஓரம் தூக்கிக்கொள்ளும், நகத்தால் நெம்பினால் பட்டையாக வரும். அந்த முடி அளவு இடைவெளி போதும். தண்ணீர் சுவருக்குள் இறங்கி, ஃபைபர் கிளாஸ் தகட்டையும் பின்னாலுள்ள பலகையையும் ஒட்டிய பசையை விடுவிக்கும். உள்ளே ஓதம் தெரிவதற்கு முன்பே வெளியே தெரியும். மாலை வெயில் சாய்ந்து விழும்போது சுவரை ஒட்டி நின்று நீளவாக்கில் பாருங்கள். நேரே நின்றால் புலப்படாத உப்பல், அந்தச் சாய்ந்த ஒளியில் நிழலோடு எழுந்து நிற்கும். வாங்கும் முன் இந்த ஒரு பார்வை பார்த்தே ஆக வேண்டும். நகரும் சுவர்களின் ரப்பர் விளிம்பும் இதே வகைதான். உள்ளே இழுக்கும் முன் மேலே கிடக்கும் இலைதழையைத் தள்ளிவிட வேண்டும்.

குளிர்பதனப் பெட்டிக்கு வருவோம். பல மோட்டார்ஹோம்களில் இருப்பது, தீச்சுடரை வைத்துக் குளிரூட்டும் வகை. 1922-இல் ஸ்வீடனில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது. உள்ளே அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன்; ஓடும் பாகம் ஒன்றுகூட இல்லை. கீழே சூடு பட்டதும் அமோனியா ஆவியாகிப் பிரிந்து மேலே போய் திரவமாகும். அடுத்த அறையில் ஹைட்ரஜன் காத்திருக்கும். அதன் நடுவே அமோனியாவின் பங்கு அழுத்தம் (கலவையில் அது மட்டும் தரும் அழுத்தம்) மிகக் குறைவு. எனவே அது வேகமாக ஆவியாகிப் பெட்டியின் சூட்டை வாங்கிக்கொள்ளும். பிறகு தண்ணீர் அமோனியாவைக் கரைத்துக்கொண்டு கீழே வடியும். பம்ப் கிடையாது, எல்லாம் புவியீர்ப்பில் வழிகிறது. அதனால்தான் வண்டியைச் சாய்வாக நிறுத்தி இதை ஓட்டக் கூடாது. திரவம் ஒரு வளைவில் தேங்கி, சூடேறும் இடம் வறண்டு, துருவைத் தடுக்கச் சேர்த்த சோடியம் குரோமேட் கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். அப்படி அடைத்தால் பெரும்பாலும் குளிரூட்டும் பகுதியையே மாற்ற வேண்டியதுதான். ஓடும்போது குலுங்கிக்கொண்டே இருப்பதால் தேங்காது. உயர்விலை வண்டிகளில் இப்போது வீட்டில் இருப்பது போன்ற கம்ப்ரசர் பெட்டியே வருகிறது. சாய்வுக் கவலை இல்லை, பதிலாகப் பேட்டரியை இரவு பகலாகக் குடிக்கும்.

கழிவுத் தொட்டி பற்றிப் பேசப் பலருக்குக் கூச்சம். ஒரே விதிதான்: திறப்பு வால்வை எப்போதும் திறந்து வைக்காதீர்கள். திறந்திருந்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது தொட்டிக்குள் மேடாகிக் காய்ந்துவிடும். தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிறையும் வரை மூடி வைத்து, ஒரே மூச்சில் திறந்துவிட வேண்டும். பின்னாலேயே குளித்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயும் கழுவப்படும்.

சுடுநீர்க் கலத்தின் எஃகு உடம்பைக் காக்க உள்ளே மெக்னீசியக் கம்பி இருக்கும். எஃகுக்கு முன்னால் தான் அரிபடுவதற்காகவே வைத்தது. 1824-இல் ஹம்ப்ரி டேவி போர்க்கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்கச் செய்ததும் இதே வழிதான். ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பார்த்து, முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அலுமினியக் கலத்துக்கு இது வேண்டாம். குளிர் நாட்டில் நிறுத்துவதாக இருந்தால் குழாய்களில் தண்ணீர் இருக்கக் கூடாது. உறையும்போது அது 9 விழுக்காடு பெரிதாகும், குழாய் அதற்கு இடம் தராது.

மாதம் ஒருமுறை வண்டியை ஒரு மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் எஞ்சினை உறும விடுவது உதவாது. கியர்பாக்ஸ் சூடாகாது, டயர் மடங்காது, எஞ்சின் ஆயிலில் சேர்ந்த ஈரமும் வெளியேறாது. முதலில் கிளப்பிவிட்டுக் காற்றழுத்த முள்ளைப் பாருங்கள். எச்சரிக்கை மணி அடங்கும், முள் மெல்ல ஏறும், சாய்ந்திருந்த உடம்பு காற்றுப் பைகள் நிரம்ப நிரம்ப நிமிரும். அதற்குள் பிரேக்கை விடுவிக்கப் பார்க்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். உலர்த்தி ஈரத்தைத் துப்பிவிட்டது, இனி கிளம்பலாம்.