செல்லா, உயிரணுவா, கலமா?

உயிரியல் படிக்கத் தொடங்கும் மாணவர் முதலில் சந்திக்கும் கலைச்சொற்களில் ஒன்று 'செல்'. உயிருள்ளவை அனைத்தின் கட்டமைப்புக்கும் செயல்பாட்டுக்கும் அடிப்படை அலகு அதுதான். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதைச் 'செல்' என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் 'கலம்' என்கின்றன, மருத்துவக் கட்டுரைகளில் 'உயிரணு' என்றும் பார்க்கிறோம். எதைச் சொன்னாலும் ஒன்றுதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. சொல் சரியாக அமைந்தால் பாடத்தில் பாதி அதிலேயே விளங்கிவிடும்.

ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லிய சீவலாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். தேனடைபோல அறை அறையாகத் தெரிந்தது. 1665இல் வெளிவந்த தம் நூலில் அவற்றுக்குச் 'செல்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'செல்லா' என்றால் சிற்றறை. மடத்துத் துறவி தங்கும் அறைக்கும் அதுதான் பெயர். ஒரு கன அங்குலத் தக்கையில் ஏறத்தாழ 120 கோடி அறைகள் இருக்கும் என்று கணக்கும் போட்டார் ஹூக். ஆனால் அவர் கண்டவை செத்துப்போன செல்களின் சுவர்கள். உள்ளே எதுவும் இல்லை. பின்னால் ஜெர்மானிய அறிவியலாளர்கள் இருவர், 1838இல் ஷ்லைடன் தாவரங்களையும், 1839இல் ஷ்வான் விலங்குகளையும் ஆராய்ந்து, இரண்டின் உடலும் செல்களால் ஆனதே என்று நிறுவினார்கள். வெற்றறைக்கு வைத்த பெயர் உயிருள்ள பொருளுக்கே நிலைத்துவிட்டது.

தமிழில் 'செல்' என்ற ஒலிக்கு ஏற்கெனவே வேலை நிறைய. 'போ' என்று ஏவும் வினை அது. கறையானுக்கும் செல் என்று பெயர். 'செல்லரித்த ஓலை' என்கிறோமே, அந்தச் செல். பழந்தமிழில் மேகத்துக்கும் அதே பெயர் உண்டு. இப்போது கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. இத்தனைக்கும் நடுவே, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் 'செல் சுவர்' என்ற தொடரில் 'சுவர்' மட்டுமே பொருள் தருகிறது.

அப்படியானால் 'உயிரணு'? கேட்க அழகான சொல்தான், குழப்பமும் அதில்தான் அதிகம். வேதியியல் வகுப்பில் 'அணு' என்றால் தனிமத்தின் மிகச் சிறிய அலகு. அடுத்த மணிநேரம் உயிரியல் வகுப்பில் அதே 'அணு' கோடானுகோடி அணுக்களைத் தன்னுள் கொண்ட ஒன்றாகிவிடுகிறது. போதாததற்கு, பேச்சுவழக்கில் ஆணின் விந்தணுவையும் 'உயிரணு' என்றே சொல்கிறார்கள். 'உயிரணுக்கள் குறைவு' என்று படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்?

'கலம்' என்றால் எதையாவது தன்னுள் ஏந்துவது. உண்கலம், மரக்கலம், விண்கலம் எல்லாம் அப்படி வந்தவையே. திருக்குறளில் நீர் பெய்த 'பசுமட்கலம்' வருகிறது. உட்கருவையும் மற்ற நுண்ணுறுப்புகளையும் சவ்வுக்குள் ஏந்தி நிற்கும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. அறிவியல் உலகமும் இதே உவமையைத்தான் பிடித்திருக்கிறது என்பது இன்னும் வியப்பு. செல்லுக்குள் நிறைந்திருக்கும் கூழ்போன்ற பொருளான 'சைட்டோபிளாசம்', செல்களைப் பற்றிய படிப்பான 'சைட்டாலஜி' என்பவற்றில் வரும் 'சைட்டோ', 'கூட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உள்ளீடற்ற கலம் என்பதே அதன் பொருள். இலங்கையில் சைட்டோபிளாசத்தைக் 'குழியவுரு' என்றும், இரத்தச் சிவப்பணுவைச் 'செங்குழியம்' என்றும் எழுதுவதில் உள்ள 'குழி'யும் அந்த உள்ளீடற்ற தன்மையையே சுட்டுகிறது.

கலம் என்பது மனிதர் செய்த பாண்டமல்லவா, உயிருக்குப் பொருந்துமா என்று ஒரு தடை எழும். அதில் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள செல்லிலிருந்தே புதிய செல் தோன்றும் என்று 1855இல் ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ வலியுறுத்தினார். எந்தப் பானையும் இன்னொரு பானையை ஈன்றதில்லை. ஆனால் எந்த அறையும்தான் இன்னொரு அறையை ஈன்றதில்லை! அந்தக் குறை லத்தீன் மூலத்திலேயே இருக்கிறது, தமிழ்ச் சொல்லின்மீது மட்டும் அதைச் சுமத்துவது சரியன்று.

தமிழ்நாட்டு மாணவருக்கும் இச்சொல் புதிதல்ல. இயற்பியல் பாடத்தில் மின்சுற்று வரையும்போது அவர் 'மின்கலம்' என்றுதான் எழுதுகிறார். அங்கே மூலச்சொல் எது? அதே 'செல்'தான். மின்சாரம் தருவதைக் கலம் என்று ஏற்றுக்கொண்ட நாம், உயிர் குடியிருப்பதை மட்டும் ஏன் செல் என்றே விட்டுவைத்தோம்?

தேர்வுத்தாளில் பாடநூல் சொல்லையே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். ஆனால் தாமாகக் குறிப்பெடுக்கும்போது 'கலம்' என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். கலச்சுவர், கலப்பிரிவு, ஒருகல உயிரி, பல்கல உயிரி என்று அடுத்தடுத்த சொற்கள் விளக்கம் கேட்காமலே வந்து சேரும்.