பிரிந்தும் தீராத குருத்தணுக்கள்

நம் உடலில் நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் புதிதாகப் பிறக்கின்றன. உட்கருவை இழந்துவிட்ட சிவப்பணு தானாகப் பிரிந்து பெருக இயலாதது. அதன் ஆயுளும் ஏறத்தாழ 120 நாள்தான். மடிந்தவற்றின் இடத்தை நிரப்பும் பொறுப்பு எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்களுடையது. தமிழில் இவற்றைக் குருத்தணுக்கள் என்கிறோம்; நல்ல பெயர்தான். ஒரு குருத்து இலையாக விரிந்த பின்னும் உள்ளே அடுத்த குருத்து காத்திருப்பதைப் போல, இந்த அணு பிரிந்து உண்டாகும் இரண்டில் ஒன்று இரத்த அணுவாக முதிரும் பாதையில் செல்ல, மற்றொன்று குருத்தணுவாகவே தங்கிவிட முடிகிறது.

1961இல் டொரன்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குலக் ஆகிய இருவரும் கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜை அணுக்களைச் செலுத்தியபோது, அவற்றின் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஓர் ஒற்றை அணுவின் வழிவந்தது என்பதைத் தொடர் ஆய்வுகள் காட்டின; குருத்தணுக்கள் இருப்பதற்கு அது சான்றானது.

மஜ்ஜையின் இந்தக் குருத்தணு இரத்த அணு வகைகளை மட்டுமே தரும். கருவுற்று ஐந்தாறு நாளான கருவின் உட்புற அணுக்களோ உடலின் எந்தத் திசுவாகவும் மாறவல்லவை. மனிதக் கருவிலிருந்து இவற்றைப் பிரித்து ஆய்வகத்தில் வளர்த்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன்; ஆண்டு 1998. கருவை அழிக்க வேண்டியிருந்ததால் எழுந்த அறச்சிக்கலுக்கு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு வழி பிறந்தது. தோலணுவிலும் நரம்பணுவிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தான். எவை விழித்திருக்கின்றன, எவை உறங்குகின்றன என்பதே வேறுபாடு. இதைப் பற்றிக்கொண்ட ஜப்பானின் ஷின்யா யமனாகா, 2006இல் எலியின் தோலணுக்களுக்குள் நான்கே மரபணுக்களைப் புகுத்தி, அவற்றைக் கருவின் அணுக்களைப் போன்ற தொடக்க நிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டே மனித அணுக்களிலும் அது கைகூடியது. என் பார்வையில், உயிரியலின் அண்மை வரலாற்றில் இதற்கு நிகரான வியப்பு அரிது.

மருத்துவத்தில் உறுதியாக நிலைபெற்ற பயன் இன்றும் இரத்தம் சார்ந்ததே. இரத்தப் புற்றுநோயாளியின் பழுதுபட்ட மஜ்ஜையை மருந்தாலோ கதிர்வீச்சாலோ அழித்துவிட்டு, திசுப் பொருத்தம் உள்ள கொடையாளியின் குருத்தணுக்களைச் சாதாரண இரத்தம் ஏற்றுவது போலவே இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள். அவை வழிகாட்டுவார் இன்றித் தாமே மஜ்ஜையைச் சென்றடைந்து குடியேறுகின்றன. சில வேளைகளில் கொடையாளியின் நோயெதிர்ப்பு அணுக்கள் புதிய உடலையே பகையாகக் கருதித் தாக்குவதும் உண்டு. ஆனால், எஞ்சியிருக்கும் புற்றணுக்களைத் தேடி அழிப்பவையும் அவையே. தொப்புள்கொடி இரத்தமும் 1988 முதல் இதற்குப் பயன்படுகிறது. வேதிப்பொருளால் வெந்துபோன கருவிழியின் மேற்பரப்பை, அதன் விளிம்பில் உள்ள குருத்தணுக்களை வளர்த்துப் பொருத்திச் சீராக்குவதும் நடைமுறைக்கு வந்துவிட்டது.

மூளை, இதயம், முதுகுத்தண்டு ஆகியவற்றுக்கான சிகிச்சைகள் பெரும்பாலும் ஆய்வுக் கட்டத்திலேயே உள்ளன. எல்லா நோய்க்கும் ஸ்டெம் செல் ஊசி உண்டென்று விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. தடையின்றிப் பெருகும் ஆற்றல் கட்டியாகவும் திரியக்கூடும். யமனாகா கையாண்ட நான்கில் ஒன்றான சி-மிக், புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணு. 2014இல் ஜப்பானில், எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் தோலணுக்களிலிருந்தே யமனாகாவின் வழியில் உருவாக்கிய விழித்திரைப் படலம் அவர் கண்ணில் பொருத்தப்பட்டது. அடுத்த நோயாளிக்காக உருவாக்கிய அணுக்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால், அவருக்கான அறுவை சிகிச்சையை மருத்துவர்கள் நிறுத்திவிட்டனர்.