‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆகிறது?

காலை பத்தரை மணி இருக்கும். எங்கள் குடிநோய் மறுவாழ்வு மையத்து வராண்டாவில் அவர் நின்றுகொண்டிருந்தார். கொத்தனார், நாற்பதுக்குள் வயது. கூடவே மனைவி. கையில் ஒரு கட்டைப் பை, அதில் இரண்டு லுங்கி, ஒரு துண்டு, சோப்பு டப்பா. அட்மிட் ஆக வந்திருந்தார்கள், மூன்றாவது தடவையாக.

இரண்டாவது தடவை சிகிச்சை முடிந்து அவர் வீட்டுக்குப் போனபோது எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு காண்ட்ராக்டரிடம் நான்தான் பேசி வேலை வாங்கிக் கொடுத்தேன். "நல்ல வேலைக்காரர், நான் பொறுப்பு" என்று வாக்கும் கொடுத்தேன். ஒன்றரை மாதம் ஒழுங்காகப் போனார். அப்புறம் ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கியவர் வேலைக்குத் திரும்பவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில், நாலு பேர் முன்னால், காண்ட்ராக்டர் என்னிடம் கேட்டார். அந்தச் சூடு ஆறுவதற்குள் இவர் வந்து நிற்கிறார்.

"உனக்கெல்லாம் ஒரு பெட் கொடுக்கறதே தண்டம். உண்மையிலேயே திருந்தணும்னு நினைக்கிறவங்க வெளியே காத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன். இரண்டு வருஷப் பழக்கத்தில் அன்றுதான் முதன்முதலாக அவரை ‘நீ’ என்று பேசினேன். மனைவி "சார், சார்" என்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையை மனைவி கையிலிருந்து வாங்கிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டில் அவருக்கு வலிப்பு வந்தது. 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தபோது நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது. பேச்சு குழறியது. "நீங்க பேசினதுக்கப்புறம் ஒரு சொட்டு தொடல சார். குடிக்காம இருந்து காட்டிட்டு அப்புறம் வரணும்னு நினைச்சேன்" என்றார்.

ஆற்றுப்படுத்துநராக இந்த வேலையில் எனக்குப் பதினான்கு வருஷம் ஆகிறது. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். வலிப்பு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாத பூச்சி சுவரில் ஊர்வது தெரியும், ஆள் அடையாளம் தெரியாது. மருத்துவர்கள் ‘டிடி’ என்கிற இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அதனால்தான் அந்த நாட்களில் டாக்டர் மேற்பார்வையில் மருந்தும் தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்துப் படுக்கையில் வைத்துப் பார்க்கிறோம். இத்தனையும் தெரிந்த நான், என் கோபத்துக்காக, அவருக்கு மிக ஆபத்தான அந்த நாளில் அவரைப் படியிறங்க வைத்தேன்.

குடிநோயாளிகள் மத்தியில் ஊழியம் செய்கிறவர்கள் நிறைய பேர் இதைப் படிப்பீர்கள். போதகர்கள், ஜெபக்குழு நடத்துகிறவர்கள், ஆலோசகர்கள், வார்டு பணியாளர்கள். கோபம் வராதவர் நம்மில் யாரும் இல்லை. என்னைப் பொறுத்தவரை அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தேன். அந்தக் கொத்தனார் குடித்ததற்காக எனக்குக் கோபம் வரவில்லை. குடிக்கிறவர் குடிப்பது எனக்கு அதிசயமா? என் பெயர் கெட்டுப்போனதுதான் கோபம். அவர் குணமாவதை என் உழைப்புக்குக் கிடைக்கவேண்டிய கூலியாக எண்ணியிருந்தேன். அவர் கூலியைத் தராமல் வந்து நின்றார்.

இயேசு சொன்ன கெட்ட குமாரன் உவமையில் மூத்த மகனைப் பற்றி நாம் அதிகம் பிரசங்கிப்பதில்லை. சொத்தையெல்லாம் அழித்துவிட்டுத் தம்பி திரும்பி வந்த அன்று அவன் வீட்டுக்குள் போகாமல் வெளியே நிற்கிறான். இத்தனை வருஷம் உழைத்தேனே என்று கணக்குச் சொல்கிறான். ‘என் தம்பி’ என்று சொல்லவும் வாய் வரவில்லை, தகப்பனிடம் ‘உம்முடைய குமாரன்’ என்கிறான். வார்டில் நாங்களும் அப்படித்தான். பிடித்தவரென்றால் "நம்ம அண்ணாச்சி வந்திருக்காரு". மறுபடி குடித்துவிட்டு வந்தால் "உங்க ஆளு வந்திருக்கான்".

நம் கோபம் அவர்களுக்கு உறைக்கும், அதனாலாவது திருந்துவார்கள் என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் பலமாக இருக்கிறது. அடித்துத் திருத்துவது, அவமானப்படுத்தித் திருத்துவது எல்லாம் அந்த நம்பிக்கையில் வந்ததுதான். உறைக்கிறதா? அமெரிக்காவில் உளவியலாளர் வில்லியம் மில்லர் குழுவினர் 1993-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு என் பிடிவாதத்தை உடைத்தது. குடிப்பவர்களோடு ஆலோசகர்கள் பேசிய விதத்தைக் கவனித்து, ஒரு வருஷம் கழித்து அவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆலோசகர் எவ்வளவுக்கு மோதினாரோ, குற்றம் சாட்டிப் பேசினாரோ, அவ்வளவுக்கு அந்த நபர் அதிகமாகக் குடித்திருந்தார். ஆக, எரிந்து விழுகிற ஆலோசகர் நோயாளிக்குக் கெடுதலே செய்யக்கூடும்.

சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேருக்கு மறுபடி சரிவு வரும் என்பது அமெரிக்கத் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கு. ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகள் மருந்தை விட்டுவிட்டு மறுபடி நோய் முற்றி வருவதோடு அதை ஒப்பிடுகிறது அந்த நிறுவனம். பிரஷர் ஏறி வந்தவரை யாரும் துரோகி என்று திட்டுவதில்லை.

குடும்பத்தாரின் கோபம் வேறு மாதிரி. அவர்களுக்குக் கோபப்பட முழு உரிமையும் உண்டு. தாலியை அடகு வைத்தது, பிள்ளையின் ஃபீஸைக் குடித்தது, ராத்திரி பட்ட அடி எல்லாம் அவர்கள் உடம்பில் இருக்கிறது. ஆள் குடியை நிறுத்திய பிறகுதான் அந்தக் கோபம் வெளியே வரும் என்பதை நாம் எதிர்பார்ப்பதில்லை. குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கிறவர்களின் அமைப்பான, ஏஏ என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் தொடங்கியது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன் 1934 டிசம்பரில் குடியை விட்டவர். அதற்கப்புறம் ஒருநாள், கூட்டத்துக்கு நேரமாகிறது என்று அவர் அவசரப்படுத்தியபோது மனைவி லோயிஸ் செருப்பைத் தூக்கி எறிந்தார். பதினாறு, பதினேழு வருஷம் தான் முயன்று முடியாததை யாரோ புதியவர்கள் முடித்துவிட்டார்களே என்ற வேதனை அவருக்கு. குடும்பத்தினருக்கான அல்-அனான் அமைப்பை 1951-ல் உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அதனால் ஒரு மனைவி என் முன்னால் கத்தும்போது "அதான் நிறுத்திட்டாரே, இன்னும் என்னம்மா?" என்று நான் கேட்பதில்லை.

ஆனால் கோபத்தில் சில வீடுகளில் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை விட்டுவிடுவார்’ என்று விற்கும் மருந்தை வாங்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் இருந்து, அது தெரியாமல் அவர் குடித்துவிட்டால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அது டாக்டர் எழுதிக்கொடுத்து, நோயாளி அறிந்து, சம்மதித்து எடுக்கவேண்டிய மருந்து. அதேபோல், கட்டிப்போட்டு அடித்து ‘திருத்தும்’ இடங்களில் கொண்டுபோய் விடாதீர்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.

அந்த வலிப்புக்குப் பிறகு நான் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். யாருக்கும் நான் ஜாமீன் நிற்பதில்லை, பணம் கொடுப்பதில்லை. வேலைக்கு வழி காட்டுவேன், போய்க் கேட்பது அவர் பொறுப்பு. இதில் கண்டிப்பாக இருக்கிறேன். கண்டிப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிறகு கத்த வேண்டியிருப்பதில்லை. பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் வாங்குவதையும் விட்டுவிட்டேன். லெந்து நாட்களில் நிறுத்திவிட்டு ஈஸ்டர் மத்தியானமே ஆரம்பிக்கிறவர்களை எத்தனையோ பார்த்தாயிற்று. சத்தியத்தை மீறியவர் கடவுளுக்கும் நமக்கும் பயந்து ஒளிந்துகொள்வார். எனக்கோ அது நேரடி அவமானமாகத் தெரியும். இப்போது "இன்னைக்கு ஒருநாள் எப்படி?" என்றுதான் கேட்கிறேன். ஏஏ அன்பர்கள் காலங்காலமாகச் செய்வதும் அதுதான்.

அப்புறம், என் வாயை நானே கவனிக்கிறேன். மனதுக்குள் ஒருவரை ‘அவன்’ என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன் என்று தெரிந்தால், அன்றைக்கு அவரைப் பார்க்கும் பொறுப்பை உடன் வேலை செய்பவரிடம் கொடுத்துவிடுவேன். சனிக்கிழமை பணியாளர் கூட்டத்தில் யார்மேல் கோபம், எதற்கு என்று ஒளிக்காமல் பேசுகிறோம். முதல் சில வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு சமையல் செய்யும் அக்காதான் ஆரம்பித்தார். ஒருவர் தட்டை எறிந்ததை அவரால் மறக்க முடியவில்லை என்றார். குடியை நிறுத்திய முதல் வாரங்களில் தூக்கம் கெட்டு, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருவது நோயின் பகுதி என்று அவருக்கு அதுவரை நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை.

உதவி தேவைப்படுகிறவர்கள் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணை அழைக்கலாம். மனம் உடைந்துபோயிருக்கும் குடும்பத்தினர் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசலாம்.

கொத்தனாரிடம் மருத்துவமனையிலேயே மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சிகிச்சைக்கு வந்தார், எட்டு மாதம் குடிக்காமல் இருந்தார். போன மாதம் காலை பதினோரு மணிக்குத் தனியாகப் பஸ் ஏறி வந்து அதே வராண்டாவில் நின்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"உட்காருங்க" என்றேன். "கடைசியா எப்ப குடிச்சீங்க? எவ்வளவு?"

"அஞ்சு நாளா ஓடுது சார். நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு குவார்ட்டர். அதோட நிறுத்திட்டேன்."

பதினான்கு மணி நேரம் ஆகியிருந்தது. நர்ஸைக் கூப்பிட்டேன்.