பிளாஷ் மெமரி: பளிச்சா, பொறியா?

வண்ணார்பேட்டை டீக்கடை பெஞ்சில் பங்குச்சந்தைப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "மெமரி கம்பெனி பங்கெல்லாம் ஏறுதுலா அண்ணாச்சி" என்றார் இளையவர். பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எந்த மெமரிடே? கரன்ட் போனா மறக்கிறதா, மறக்காததா?"

சரியான கேள்வி. மெமரி என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. மின்சாரம் நின்றதும் காலியாகிவிடுவது டிராம் (DRAM). பிளாஷ் அப்படியில்லை. கல்யாண வீட்டில் படம் எடுக்கும் தம்பி, தாலி கட்டி முடிந்ததும் கேமராவிலிருந்து கார்டை உருவி, சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப்பையில் வைக்கிறார். அப்புறம் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். மின்சாரமே இல்லாமல் முகூர்த்தம் முழுவதும் அந்தப் பைக்குள் இருக்கிறது.

ஆனால் பிளாஷ் என்ற பெயர் வந்தது இப்படிக் காப்பதால் அல்ல, அழிப்பதால். தோஷிபாவில் வேலை பார்த்த புஜியோ மசுவோகா இதை 1984-இல் உலகுக்கு அறிவித்தார். ஒரு தொகுதி முழுவதையும் ஒரே வீச்சில் அழிக்க முடிந்தது. அது கேமராவின் பிளாஷ் வெளிச்சம் போல இருக்கிறது என்று அவருடைய சக ஊழியர் ஷோஜி அரீஸுமி சொல்ல, அதுவே பெயராகிவிட்டது. இன்று கார்டுகளில் இருக்கும் நாண்ட் (NAND) என்ற பிளாஷ் வகை 1987-இல் வந்தது.

தமிழுக்கு வருவோம். மெமரிக்கு நினைவகம், கார்டுக்கு நினைவட்டை; இவை நன்றாகவே ஒட்டிக்கொண்டன. பிளாஷுக்குத்தான் சிக்கல். 'மின்னல் வெட்டுது' என்று நம் பக்கம் சொல்வதை வைத்து 'மின்வெட்டு நினைவகம்' என்றால், கரன்ட் கட் என்றுதான் புரிந்துகொள்வார்கள். 'பளிச்சிடு நினைவகம்' தவறில்லை, ஆனால் வெளிச்சத்தோடு நின்றுவிடுகிறது.

எனக்குப் பிடித்தது பொறி. தீப்பொறியில் அது நொடியில் தோன்றும் சுடர். 'மனசில் பொறி தட்டியது' என்கிறோமே, அதே வேகம். பாண்டியரின் கயற்பொறியில் அது அழியாமல் பதித்த அடையாளம். எலிப்பொறியில் சிக்க வைக்கும் கருவி. பிளாஷ் சில்லுக்குள் நடப்பதும் இதுதான்: காப்புப் படலத்தைத் தாண்டி உள்ளே போன எலெக்ட்ரான்கள் வெளியேற வழியில்லாமல் சிக்கிக் கிடக்கின்றன. அந்தச் சிறைதான் பதிவு. எழுதி அழிக்க அழிக்கப் படலம் தேய்வதால் கார்டுக்கும் ஆயுள் உண்டு. பொறி என்றால் இயந்திரம் என்று சிலர் தடுப்பார்கள். எலிப்பொறியைப் பார்த்து யாரும் குழம்பியதில்லை. 'பொறி நினைவகம்' என்றே எழுதுகிறேன்; கடையில் மெமரி கார்டு என்று கேட்பதில் குறையொன்றும் இல்லை.

முதலீடு செய்கிறவர்கள் கார்டை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது. சான்டிஸ்க், மட்சுஷிடா (இன்றைய பானாசோனிக்), தோஷிபா மூன்றும் சேர்ந்து 1999-இல் எஸ்டி கார்டை அறிவித்தபோது கேமராதான் பெரிய வாடிக்கை. இன்று பல போன்களில் கார்டு செருகும் துளையே கிடையாது. ஆனால் அதே பொறி நினைவகம் போனுக்குள்ளும், லேப்டாப்பில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியிலும், தரவு மையங்களின் அடுக்குகளிலும் உட்கார்ந்திருக்கிறது. எல்லா ஆலைகளும் ஒன்றாக உற்பத்தியைக் கூட்டினால் விலை சரியும், குறைத்தால் ஏறும். நம்மூர் வாழைத்தார் ஏலம் மாதிரிதான். அண்ணாச்சியின் கேள்விக்கும் பதில் உண்டு: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் இரண்டு சரக்கையும் செய்கின்றன, கியாக்சியாவும் சான்டிஸ்க்கும் மறக்காததை மட்டும்.